கன்னத்தில் வரைந்த கோடு

பேட்டையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த பஸ் ஒன்று என் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுதீரா வே?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பழக்கத்தில் சிரித்தும் விட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லும். அதுக்கு என்ன ஒரு எளக்காரச் சிரிப்பு?" என்று சொல்லி விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாட்களில் என் சிரிப்பு அப்படித்தான் இருந்தது. வலது பக்க உதடு மேலே ஏறும். இடது பக்கம் அசையாமல் நிற்கும். சும்மா இருந்தால் ஒன்றும் தெரியாது. சிரித்தால் மட்டும் எதிரில் நிற்பவரை நக்கல் செய்வதுபோல ஆகிவிடும்.

கையில் ஒரு துணிக்கடைப் பை. அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை, சோப்பு, பிரஷ். காலையில் டவுணில் இருந்து கிளம்பி மேற்கே நடக்க ஆரம்பித்திருந்தேன். எந்த ஊர் என்று முடிவு செய்யவில்லை. கிழக்கே போனால் திருச்செந்தூர், கடல், என்னைத் தெரிந்த ஆட்கள். மேற்கே போனால் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் மேற்கே.

நான் கடற்கரைக்காரன். எட்டாம் வகுப்புப் பாதியில் படிப்பை விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினேன். வள்ளத்தில் இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பேன். பிள்ளைகள் கடிப்பதுபோல இல்லை. மர அறுவை மில்லில் ஈரக்கட்டையைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சத்தம் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருப்பேன். காலையில் எழுந்தால் காதோரம் வலிக்கும், தலை கனக்கும், சுற்றிப் படுத்தவர்கள் எல்லாம் என்னை முறைத்துக்கொண்டு இருப்பார்கள். வள்ளத்துக்காரர் ஒருநாள், "ஏலே, கடல்ல கிடக்கும்போது இந்தச் சத்தம் ஆவாதுலே. வேற தொழில் பாரு" என்று சொல்லிக் கரையில் இறக்கிவிட்டார்.

பிறகு ஐஸ் கம்பெனி, திருச்செந்தூரில் லாட்ஜ், மேலப்பாளையத்தில் பீடி குடோன் என்று போனேன். எங்கே போனாலும் தங்கல் கூட்டமாகத்தான். என் மாதிரி ஆளுக்கு வேலையோடு கிடைப்பது பத்துப் பேர் படுக்கிற ஒரு அறைதான். தனி அறைக்கு வழி இருக்கிறவன் என் மாதிரி ஆள் இல்லை. குடோன் முதலாளி தங்கமான மனிதர். ஆறு மாதம் பொறுத்தார். கடைசியில், "பாவா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இவனுவ தூங்கணும்லா" என்றார்.

ஊரில் என்னைக் கால் நிற்காதவன் என்பார்கள். பாதி உண்மை. ஓர் இடத்தில் நாலு மாதம் ஆனால் எனக்கே உள்ளே ஒரு நமைச்சல் வரும். அது பிறவியிலேயே இருந்ததா, எப்படியும் போகச் சொல்வார்கள் என்று தெரிந்து வந்ததா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இருபது வருஷம் கடித்ததில் கன்னம் இரண்டும் காதுக்குக் கீழே புடைத்துவிட்டது. முகம் சதுரமாகப் போனது. பார்க்கிறவர்களுக்கு நான் எப்போதும் இரண்டு கன்னத்திலும் புகையிலையை அடக்கி வைத்திருப்பதுபோலத் தோன்றும். லாட்ஜில் இருந்தபோது சாமி கும்பிட வந்த ஒரு அம்மா என்னிடம், "மொதல்ல போயி வாயக் கொப்பளிச்சிட்டு வந்து சாவியக் குடு" என்றாள். நான் வெற்றிலைகூடப் போட்டதில்லை. வாயைத் திறந்து காட்டினேன். அதற்கும் திட்டினாள்.

டவுணில் அந்தச் சாப்பாட்டுக்கடைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. காலையில் இட்லி, தோசை, ராத்திரி புரோட்டா. நான் சப்ளை. மாடியில் ஏழு பேர் படுப்போம். முதல் வாரமே தோசை மாஸ்டர் என் பாயைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார். மழை வந்ததும் திரும்ப உள்ளே வந்தேன்.

"வே, உமக்கு சாமத்துல யாரு மேல அவ்வளவு கோவம்?" என்று காலையில் கேட்பார்.

"யாரு மேலயும் இல்ல மாஸ்டர்."

"இல்லாமயா இந்தக் கடி கடிக்கீரு? என் பொண்டாட்டி என்னய நினைச்சிக் கடிச்சாகூட இவ்வளவு சத்தம் வராது வே."

அவர் அப்படித்தான். வாயால் கரித்துக் கொட்டுவார். ஆனால் நான் தலைவலியோடு நிற்கிறேன் என்று தெரிந்தால் யாருக்கும் தெரியாமல் சுக்குக் காப்பி போட்டு அடுப்போரம் வைத்திருப்பார். வாயில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னதும் அவர்தான். நாலு நாளில் துண்டு நாராகிவிட்டது. அதைக் கடை வாசலில் தூக்கிக் காட்டி, "எலிகூட இப்படிக் கடிக்காதுவே" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

முதலாளி அண்ணாச்சிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். அந்த வருஷம் ரத வீதியிலேயே, முகப்பில், ஒரு புதுக் கடை பிடித்திருந்தார். ஆவணியில் திறப்பு. அந்தக் கடைக்கு முன்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும். காலையில் கதவைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி பொருத்தி, முதல் ஆளை வாங்க என்று அழைத்து உட்காரவைத்துப் போணி செய்கிற ஆள். எங்கள் பக்கத்துக் கடைகளில் அது சின்ன வேலை இல்லை. போணி யார் கையில், யார் முகத்தில் என்று பார்ப்பார்கள். அன்றைய வியாபாரமே அதில் இருக்கிறது என்று நினைப்பார்கள்.

ஆனி மாதம் ஒருநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "நீரு பொய் சொல்ல மாட்டீரு. குடிக்க மாட்டீரு. குரலும் நல்லாருக்கு. முன்னால உம்ம நிறுத்தலாம்னு எனக்கு ஒரு எண்ணம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தக் கன்னந்தான் வே. சாப்பாட்டுக்கடை வாசல்ல பொயலய அதக்கிட்டு நிக்க மாதிரி இருக்கு. பிறகு, கடைக்குப் பின்னால ரூம்பு. அங்க மாஸ்டரும் இன்னும் ரெண்டு பேரும் படுக்கணும். இந்த ரெண்டுக்கும் ஒரு வழி பண்ணும்" என்றார்.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஓர் இடம் வேண்டும் என்று நான் நினைத்தது அது ஒன்றைத்தான். உயர்ந்த உத்தியோகம் என்பதால் இல்லை. ஒரு மனிதர் என் முகத்தைக் கடைக்கு முன்னால் வைக்கலாம் என்று யோசித்திருக்கிறார். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வழி ஒன்று தானாக வந்தது. தினம் காலையில் இரண்டு இட்லி சாப்பிட வருகிற பல் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அண்ணாச்சி பேசிய இரண்டாம் நாள் நான் சாம்பார் ஊற்றும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பல்லை ஒருவாட்டி நல்லா கடிங்க" என்றார். கடித்தேன். அவர் எழுந்து வந்து இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கடை முழுக்கப் பார்த்தது. "இப்ப விடுங்க. மறுபடி கடிங்க." அவர் விரலுக்கடியில் கன்னம் கூழாங்கல் மாதிரித் திரண்டு திரண்டு அடங்கியது எனக்கே தெரிந்தது.

"இது கட்டி இல்ல. தசை. கடிச்சிக் கடிச்சி வளர்ந்திருக்கு. மூட்டை தூக்குறவங்களுக்குக் கை வளர்ற மாதிரி" என்றார். ஊசி இருக்கிறது, தசை கொஞ்சம் தளர்ந்துவிடும், கடிக்கிற வேகம் குறையும், வேலை இல்லாததால் நாளாக நாளாகச் சுருங்கும் என்றார். ஊசிச் செலவு என் மாதிரி ஆளுக்குக் கட்டுப்படியாகாது என்பது அவருக்கும் தெரிந்தது. ஆடியில் பல் டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தப்போவதாகவும், ஊசி போடுவதைக் காட்டுவதற்கு ஓர் ஆள் தேவை என்றும் சொன்னார். "உங்களுக்குச் செலவு கிடையாது. ஆனா பத்துப் பேர் சுத்தி நின்னு பார்ப்பாங்க. பரவாயில்லையா?"

பத்துப் பேர் பார்ப்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா.

மாஸ்டரிடம் சொன்னேன். அது என்ன மருந்து என்று கேட்டார். போட்டுலினம் என்று ஒரு விஷமாம், கெட்டுப்போன சாப்பாட்டில் உண்டாகிற விஷமாம், அதைத் துளித் துளியாக அளந்து போடுவார்களாம் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

மாஸ்டர் தோசைக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "கெட்டுப்போன சாப்பாடா? நம்ம கடை சாம்பார மூணு நாள் வச்சித் தந்தா போதாதா வே? இதுக்கு ஒரு டாக்டரா?"

வகுப்பு ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா ஊதாப் பேனாவால் என் வலது கன்னத்தில் கோடு போட்டார். காதில் இருந்து உதட்டோரம் ஒரு கோடு, தாடையோரம் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அந்தப் பெட்டிக்குள்தான் ஊசி இறங்க வேண்டும், முன்னால் போனால் சிரிக்கிற தசை இருக்கிறது, அதைத் தொடக்கூடாது என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். மெல்லிய ஊசி. நாலைந்து இடத்தில் எறும்பு கடித்த மாதிரி. இடது பக்கத்தை ஒரு சின்ன டாக்டரிடம் கொடுத்தார். படிப்பை முடித்து வந்த பெண். பேனாவை அழுத்தி அழுத்திக் கோடு போட்டது. ஊசியைப் பிடித்தபோது அதன் மூச்சு என் காதில் கேட்டது. "பயப்படாதீங்கண்ணே" என்றது. நான் பயப்படவில்லை.

முடிந்ததும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது. குனிந்து வேலை செய்யக் கூடாது. இன்றைக்கு முழுக்கக் கன்னத்தைத் தேய்க்கக் கூடாது, மசாஜ் செய்யக் கூடாது. "புரிஞ்சுதாண்ணே?" புரிந்தது என்றேன். எல்லாம் புரிந்தது. மசாஜ் என்றால் எனக்குத் தெரிந்தது எண்ணெய் போட்டு உடம்பு பிடித்துவிடுவது. அதற்கெல்லாம் நான் எங்கே போகப்போகிறேன்.

அடுத்த வகுப்பு தொடங்கிவிட்டதில் கோடுகளை யாரும் துடைக்கவில்லை. தெருவில் இறங்கிய பிறகுதான் அது எனக்கு நினைவு வந்தது. பஸ்ஸில் ஒரு பெண் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சட்டை நுனியால் துடைக்கலாம் என்று கை போனது. தேய்க்கக் கூடாது என்றார்களே என்று கையை இறக்கிவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள்தான் நான்.

கடைச் சந்தில் மாஸ்டர் எதிரே வந்தார். பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ வே, தையக்காரன் உம்ம மூஞ்சியில சட்ட வெட்டப் போறானா?" பிறகு என் கையைப் பிடித்தார். "வாரும். இந்த மூஞ்சியோட கடைக்குள்ள வராதியும். ஒரு ஷேவ் பண்ணிட்டுப் போவோம். என் கணக்கு. முன்னால நிக்கப்போற ஆளுல்லா."

சலூன்காரர் அவருக்குத் தெரிந்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும், "என்ன அண்ணாச்சி, கன்னத்துல பட்டா அளந்து கல்லு நட்டிருக்காக?" என்றார்.

"அழிச்சி விடும் வே" என்றார் மாஸ்டர்.

அவர் தேங்காய் எண்ணெயைக் கையில் எடுத்தார். கட்டை விரலால் காதுக்குக் கீழே இருந்து உதட்டோரம்வரை அழுத்தி இழுத்தார். வலது பக்கம் சீக்கிரம் போய்விட்டது. இடது பக்க மை அழுத்தமாக இருந்தது. திரும்பத் திரும்ப இழுத்தார். பிறகு சவரம். சவரம் முடிந்ததும் படிகாரம், அதன் பிறகு கிரீம் போட்டு இரண்டு கையாலும் கன்னத்தைப் பிசைந்து, தாடையைத் தட்டி, கழுத்தைச் சொடுக்கி, பவுடர் போட்டுவிட்டார். எந்தச் சலூனிலும் சவரம் என்றால் அதெல்லாம் சேர்ந்ததுதான். யாரும் கேட்டுச் செய்வதில்லை, யாரும் வேண்டாம் என்பதும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தேன். நான் தேய்க்கவில்லை, மசாஜுக்கும் போகவில்லை. ஷேவுக்குப் போயிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் எழுந்தபோது தலை கனக்கவில்லை. மாடியில் எல்லாரும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வந்த நாள் முதல் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. மாஸ்டர் எழுந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நேத்து நீரு இங்கனதான படுத்தீரு?" என்றார்.

"ஆமா மாஸ்டர்."

"ரெண்டு மட்டம் முழிச்சிப் பாத்தேன் வே, உசுரு இருக்கான்னு."

புரோட்டா மெல்லக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. நாலு வாயில் தாடை ஓய்ந்துவிடும். இடியாப்பமும் இட்லியும் சாப்பிட்டேன். அதெல்லாம் ஒரு குறையாகத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் கண்ணாடியில் முகம் கொஞ்சம் நீண்டது. காதுக்குக் கீழே புடைப்பு தணிந்தது. அண்ணாச்சி கல்லாவில் இருந்து என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அதற்கு நடுவிலேயே மற்றது வந்துவிட்டது. பத்து நாள் ஆனபோது மாஸ்டர் ஏதோ சொல்லி நான் சிரித்தேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார். "இன்னொருக்க சிரியும்" என்றார். கழுவுகிற இடத்தில் இருந்த கண்ணாடித் துண்டில் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் செத்துக் கிடந்தது.

டாக்டரம்மா கிளினிக்குக்குப் போனேன். சிரிக்கச் சொன்னார். பல்லைக் காட்டச் சொன்னார். உதட்டைக் குவிக்கச் சொன்னார்.

"தேய்ச்சீங்களாண்ணே?"

"இல்லம்மா."

"மசாஜ் எதும்?"

"இல்லம்மா."

அவர் என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு ஷேவ் பண்ணுனீங்களா? கடையில?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஊசியே கொஞ்சம் முன்னால போயிருக்கலாம். தேய்ச்சதுல பரவியும் இருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியாது. கோட்டைத் துடைச்சி அனுப்பாதது எங்க தப்பு" என்றார். நிரந்தரமாக நிற்காது, தானாகச் சரியாகும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். இரண்டு மாதம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்றார். திறப்பு விழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டேன். பல் கடிப்பது இனி வராதா என்று. அவர் மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "அதுவும் திரும்ப வரும்ணே. அஞ்சு, ஆறு மாசத்துல. மறுபடி போடணும். உங்களுக்கு அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். அவர் சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன்.

மாஸ்டரிடம் சலூனைப் பற்றி நான் சொல்லவில்லை. ஊசி இடம் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அந்தச் சின்ன டாக்டர் பெண்ணை அவர் அரைமணி நேரம் வைதார். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். சலூனைச் சொல்லியிருந்தால் அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். அண்ணாச்சியிடமும் நான் சொல்லவில்லை. அது என் தப்பு. சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் கண்ணாடியைப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு வழி சொன்னார். "சிரிக்காதியும். கும்பிடும். கும்பிடுத கைக்குப் பின்னால வாய் இருக்கட்டும். எவன் பாக்கான்?"

திறப்பு அன்று காலையில் புதுச் சட்டையோடு நின்றேன். பால் காய்ச்சியாயிற்று. போணிக்கு அண்ணாச்சி ஒரு துணிக்கடை முதலாளியை அழைத்திருந்தார். எழுபது வயதுப் பெரியவர், மனைவியோடு வந்தார். விழாவுக்கென்று அன்று காலையில்தான் மீசைக்குச் சாயம் போட்டிருந்தார் போல. கன்னங்கரேல் என்று இருந்தது, உதட்டுக்கு மேலே தோலிலும் கொஞ்சம் இழுவியிருந்தது. நான் கும்பிட்டேன். "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றேன். இலை போட வேண்டும், அதற்குக் கையை எடுக்க வேண்டும். எடுத்தேன். பெரியவர் நல்ல மனிதர், என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். என் முகம் தானாகத் திரும்பச் சிரித்தது. ஒருவர் சிரித்தால் திருப்பிச் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் கை மீசைக்குப் போனது.

"என்னவே, நக்கலா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, வாயி அப்படி."

"வாயி அப்படியா? என் வயசுக்கு என்னப் பாத்து இளிச்சிட்டு, வாயி அப்படிங்கீரு?"

அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். பதற்றத்தில் உதடு இன்னும் இழுத்திருக்க வேண்டும். பெரியவர் எழுந்துவிட்டார். போட்ட இலை போட்டபடி கிடந்தது. முதலாளி அண்ணாச்சி வாசல்வரை ஓடினார். என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது அந்த இலையைத்தான் பார்த்தார். "எடுத்துரும்" என்றார்.

அன்று முழுக்க நான் சிரிக்கவில்லை. மத்தியானம் அண்ணாச்சி பக்கத்தில் வந்து, "சாவு வீட்டுல துட்டி கேக்க வந்தவன் மாதிரி நிக்கீரே வே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார். மறுநாள் கதவைத் திறக்க வேறு ஆளை வைத்தார். என்னைப் பழைய கடையில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அனுப்பினார். "வாயி நேரானதும் பாப்போம்" என்றார். பார்க்கமாட்டார் என்று அவருக்கும் தெரியும். போணி கெட்ட முகத்தைத் திரும்ப யாரும் வாசலில் வைப்பதில்லை.

பதினைந்து நாள் கழுவினேன். மாடியில் நன்றாகத் தூங்கினார்கள். மாஸ்டர் புதுக் கடை அறைக்குப் போகாமல் என்னோடு பழைய மாடியிலேயே படுத்தார். இப்போதுதான் தூக்கம் வருகிறது என்று காரணம் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் தாடையைத் தொட்டுப் பார்ப்பேன். பல்லைக் கடித்து, விரலுக்கடியில் கல் திரளுகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் லேசாகத் திரண்ட மாதிரி இருந்தது. நினைப்பாகவும் இருக்கலாம். ஆறு மாதத்தில் இதே மாஸ்டர் என் பாயைத் தூக்கி மறுபடி தொட்டிக்குப் பக்கத்தில் போட வேண்டியிருக்கும். முன்னே செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இனிமேல் தோன்றும்.

அவர் தோசைக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிக்கொண்டேன்.

"எங்கன போறீரு?"

"மேற்க."

"வாயி சரியாவ முன்னாலயா?"

"ஆமா."

"இப்பதான வே சத்தம் இல்லாம இருக்கு" என்றார். பிறகு, "நல்லா சிரிக்க வந்ததும் ஒரு மட்டம் வந்து காட்டிட்டுப் போரும்" என்று சொல்லிக் கல்லைப் பார்க்கத் திரும்பிவிட்டார். வருகிறேன் என்றேன். போகவில்லை.

ஓர் இடத்தில் இருந்து சத்தத்துக்காக யாரும் விரட்டாமல் நானாகக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அதில் ஒரு நிம்மதியும் இல்லை. நடுக்கல்லூரில் ஒரு டீ குடித்தேன். டீக்காரர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், நான் குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டேன். வெயில் தாழ்ந்தபோது ஆற்றுப் பாலம் வந்தது. கார் அறுப்பு தொடங்கியிருந்தது. வயலில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ரோட்டோரம் நெல் காய்ந்தது. சேரன்மகாதேவி பஸ் நிறுத்தத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

காலையில் ஊருக்கு வெளியே ஒரு அரிசி மில்லில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயில் என்ன என்று கேட்கவில்லை. அந்த அளவுக்குக் கன்னம் வற்றியிருந்தது. பாய்லருக்கு உமி அள்ளிப்போடுகிற வேலை என்றார். தங்குகிற இடம் எங்கே என்று கேட்டேன். மில்லை ஒட்டின தகரக் கொட்டகையைக் காட்டினார்.

"அதுதான் சங்கடம். அறுப்பு முடியுறவர மில்லு ராத்திரியும் ஓடும். ஒருத்தன் பேசுதது ஒருத்தனுக்குக் கேக்காது. தூக்கம் வரலன்னு ஆளுவ நிக்க மாட்டேங்கானுவ. உமக்கு எப்படி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

கொடியில் கிடந்த ஒரு பழைய துண்டை எடுத்துத் தந்தார். "மூக்கையும் வாயையும் சேத்து இறுக்கிக் கெட்டிக்கிடும். தூசி ஆளக் கொன்னுரும்" என்றார். கண்ணுக்குக் கீழே எல்லாம் மறையும்படி கட்டிக்கொண்டு, உமிக் குவியலுக்குப் போனேன்.